பிங்கோ: மண்டபத்தில் ஓர் ஆட்டம், கைத்தொலைபேசியில் வேறோர் ஆட்டம்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நவநாள் வழிபாடு முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி விற்பவர்களைத் தாண்டி வீதிக்கு வந்த என்னை ஒரு பெண்மணி மறித்தார். எங்கள் ஒழுங்கையில் நெடுங்காலம் குடியிருந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து, தையல் வேலை செய்து, ஒரே மகனைப் படிப்பித்து ஆளாக்கியவர்.

“ஐயா, நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். இதை எங்கே போய்ச் சொல்ல வேண்டுமென்று உங்களுக்குத் தெரியும்தானே?” என்று கேட்டபடி கைப்பையைத் திறந்து மூன்று அடகுச் சீட்டுக்களை எடுத்துக் காட்டினார். செட்டியார் தெருவில் வைத்த நகைகள். ஒன்று அவருடைய தாலிக்கொடி. மகன் ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ரூபாவைக் கைத்தொலைபேசியில் விளையாடித் தொலைத்திருக்கிறான்.

என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

“பிங்கோதான் ஐயா. நம்முடைய கோயில் மண்டபத்தில் விளையாடுவோமே, அதே பிங்கோ. கோயிலில் விளையாடுகிற விளையாட்டுத்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.”

அதே பிங்கோ. அன்றிரவு இந்த இரண்டு சொற்களும் என்னை உறங்க விடவில்லை. ஏனெனில் அந்தப் பையனுக்குப் பிங்கோவை அறிமுகப்படுத்தியவர்களுள் நானும் ஒருவன். அவனுக்குப் பத்து வயதாயிருந்தபோது, பங்கு மண்டபத்து மேடையில் துணிப்பைக்குள் கைவிட்டு இலக்கங்களை எடுத்துத் தந்தவன் அவன். அவற்றை ஒலிவாங்கியில் கூப்பிட்டவன் நான்.

மண்டபத்து ஆட்டம்

எங்கள் பங்கு மண்டபத்தின் கூரை ஒழுகாத ஆண்டு எனக்கு நினைவில்லை. ஆகவே பிங்கோ நடக்காத ஆண்டும் நினைவில்லை. மாலை ஆறரைக்குத் தொடங்கும். தாய்மார் கட்லட்டும் ரோல்ஸும் செய்து கொண்டுவந்து விற்பார்கள். வெள்ளவத்தையில் குடியேறிவிட்ட பழைய பங்கு மக்கள்கூட அன்றைக்குப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவார்கள். தமிழர், சிங்களவர், பறங்கியர், கொழும்புச் செட்டிகள் எனப் பேதமின்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். இலக்கங்களை மும்மொழியிலும் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசையிலிருந்து சண்டைக்கு வருவார்கள்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் விளையாடுவது பிரித்தானியர் இங்கே விட்டுச்சென்ற 90 இலக்க முறை. சீட்டில் 3 வரிகளும் 9 நிரல்களுமாக 27 கட்டங்கள் இருக்கும். வரிக்கு ஐந்தாக மொத்தம் 15 கட்டங்களில் மட்டுமே இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆறு சீட்டுக்கள் கொண்ட ஒரு முழுத் தாளை வாங்கினால் 1 முதல் 90 வரையுள்ள ஒவ்வோர் இலக்கமும் அதில் ஒரு தடவை இருக்கும். முதல் ஐந்து, மேல் வரி, நடு வரி, அடி வரி எனச் சில்லறைப் பரிசுகள். 15 இலக்கங்களையும் முதலில் அடித்தவருக்கு ‘ஹவுஸ்’. இந்தியாவில் இதையே தம்போலா என்றும் ஹவுசி என்றும் அழைப்பர். படைமுகாம்களின் உணவுக்கூடங்களிலிருந்து நகரத்துக் கிளப்புகள் வரை அது பரவியது. அமெரிக்கர் ஆடுவது வேறு வகை. ஐந்துக்கு ஐந்து கட்டம், 75 இலக்கங்கள், நடுக்கட்டம் இலவசம்.

கூப்பிடுவதும் ஒரு கலைதான். ஆங்கிலேயர் 22ஐ இரண்டு குட்டி வாத்துக்கள் என்பர். 11ஐக் கால்கள் என்பர். எங்கள் மண்டபத்துக்கென்று வேறு அகராதி இருந்தது. ஆறு என்றால் ‘வெள்ளவத்தை’. கொழும்பு 6 அல்லவா? பதின்மூன்று என்றால் கூப்பிடவே தேவையில்லை. ஜூன் 13 அந்தோனியார் திருநாள். கொழும்பு 13 எங்கள் அஞ்சல் இலக்கம். பையன் பதின்மூன்றை எடுத்து உயர்த்திக் காட்டியதும் மண்டபம் முழுவதும் “அந்தோனியாரே!” என்று ஒரே குரலில் எழும். அந்த இலக்கம் சீட்டில் இல்லாதவர்களும் சேர்ந்து கூவுவார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரேயொரு சீட்டை வைத்திருக்கும் ஒருவர் தம் 15 இலக்கங்களையும் அடிக்க வேண்டுமானால் சராசரியாக 85 இலக்கங்கள் கூப்பிடப்பட வேண்டும். மண்டபத்தில் நூறு சீட்டுக்கள் இருப்பதால்தான் பெரும்பாலும் 70 இலக்கங்களுக்குள் யாராவது ஒருவர் எழுந்து கத்திவிடுகிறார். கிழவிகள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இலக்கம் தேடும் வேகத்தில் ஓர் ஆட்டம் முடிய இருபது நிமிடமாவது செல்லும். ஒரு மாலையில் ஐந்து ஆட்டம். அதற்குமேல் ஆட முடியாது. ஒன்பதரைக்குச் சங்கித்தன் திறப்புக் கோர்வையைக் குலுக்கத் தொடங்கிவிடுவார்.

கோயிலுக்கும் பிங்கோவுக்கும் என்ன உறவு?

‘கோயிலில் சூதா?’ என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வென்ற பொருளும் தூண்டிலில் கோத்த இரைதான் என்பது அங்கே அவர் தரும் எச்சரிக்கை. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலோ (பிரிவு 2413) அதிர்ஷ்ட விளையாட்டுக்கள் தம்மளவில் அநீதியானவையல்ல என்கிறது. ஆனால் ஒருவனுடைய சொந்தத் தேவைக்கோ அவனை நம்பியிருப்போரின் தேவைக்கோ உரியதை அவை பறிக்கும்போது ஏற்கத்தக்கவையல்ல என்றும், அவ்வார்வம் அடிமைத்தனமாக மாறக்கூடும் என்றும் அதே பிரிவில் சொல்கிறது. எல்லை எங்கே என்பதை இரண்டாவது வாக்கியம் தெளிவாகக் காட்டுகிறது. முதலாவதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நம்மவர் வழக்கம்.

இந்த விளையாட்டின் வரலாறும் அந்த எல்லையின் இருபுறமும் கால் வைத்தே வந்திருக்கிறது. 1530இல் இத்தாலியில் தொடங்கிய லொத்தரிலிருந்து இது கிளைத்தது என்பர். நாப்போலி நகரத்தார் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1734இல் அரசன் லொத்தரை நடத்த விரும்பினான். ஒரு துறவி எதிர்த்தார். முடிவில் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லொத்தரை நிறுத்திவைப்பதென இணக்கம் ஏற்பட்டது. சனங்கள் சும்மா இருப்பார்களா? இலக்கங்களைக் கூடையிலிட்டு வீட்டுக்குள்ளேயே ஆடத் தொடங்கினார்கள். அதுவே தம்போலா. அரசாங்கத்தின் சூதைக் குடும்பத்தின் விளையாட்டாக மாற்றியதாக அந்தக் கதையைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் நடந்தது மறுதிசைப் பயணம். 1929இல் எட்வின் லோ என்ற விளையாட்டுப் பொருள் வணிகர், ஒரு களியாட்ட விழாவில் அவரைக் கொட்டைகளை வைத்து ஆடிய ஆட்டத்தைக் கண்டு, அதற்குப் பிங்கோ என்ற பெயரைச் சூட்டி விற்றார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த கத்தோலிக்க குரு ஒருவர் தம் பங்கின் கடனைத் தீர்க்க அதைப் பயன்படுத்தினார். ஆனால் சீட்டுக்கள் போதாமல் ஒரே நேரத்தில் பலர் வென்றுவிட்டனர். ஆகவே லோ ஒரு கணிதப் பேராசிரியரைப் பிடித்து ஒன்றோடொன்று ஒத்துவராத 6,000 சீட்டுக்களை உருவாக்குவித்தார். அதன்பின் அமெரிக்காவெங்கும் கோயில் மண்டபங்களில் பிங்கோ பரவியது.

பிரித்தானியாவில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1960ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டச் சட்டம் சிறு அளவிலான விளையாட்டுக்களுக்கு வழிவிட்டது. அந்த வழியால் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் வணிகர்கள். தொலைக்காட்சியால் வெறுமையாகிக் கிடந்த சினிமாக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிங்கோ மண்டபங்களாயின. சட்டம் எவருக்காகக் கதவைத் திறந்தாலும், வேகமாக ஓடக்கூடியவனே முதலில் நுழைவான் என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரூட்டிங்கில் ஒரு மாலை

2006இல் இலண்டன் சென்றிருந்தபோது ரூட்டிங்கில் உறவினர் வீட்டில் தங்கினேன். இடியப்பமும் கொத்து ரொட்டியும் கிடைக்கும் நம்மவர் பகுதி அது. அங்கேயுள்ள கிரனாடா கட்டடத்துக்கு மச்சாள் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். 1931இல் கட்டப்பட்ட சினிமா அரங்கு அது. 1973இல் படம் காட்டுவது நின்றது. 1976இலிருந்து பிங்கோ மண்டபம். 2000ஆம் ஆண்டில் அதிசிறப்புப் பாதுகாப்புக்குரிய முதல்தரக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவன் திகைத்துவிட்டேன். கோதிக் வளைவுகளும் தூண்களும் சுவர்ச் சித்திரங்களுமாகப் பேராலயம் ஒன்றினுள் நிற்பது போலிருந்தது. எங்கள் ஊரில் கோயிலுக்குள் பிங்கோ. அங்கே பிங்கோவுக்கென்று ஒரு கோயில்!

ஆனால் சிறிது நேரத்தில் வேறுபாடு புலப்பட்டது. அங்கே இலக்கங்களை ஓர் இயந்திரம் துப்பியது. கூப்பிடுபவர் மூச்சுவிடாமல் கூப்பிட்டார். பகிடி இல்லை, “அந்தோனியாரே” இல்லை. எவரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பக்கத்து மேசை முறைக்கிறது. சிலர் கையில் மின்னணுக் கருவி ஒன்று இருந்தது. பல சீட்டுக்களை அதுவே பார்த்து அதுவே அடித்துக்கொள்ளும். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையிலுள்ள ஓய்வில் மேசையோடு பொருத்திய கட்டங்களில் காசு போட்டு வேறோர் ஆட்டம். மச்சாள் மட்டும் தேநீர் குடிக்க எழுந்து வந்தார். “இங்கே வந்தால் நாலு வெள்ளைக்காரக் கிழவிகளோடு பேசலாம் அண்ணா, அதுக்குத்தான் வாறனான்” என்றார். அந்த மண்டபத்தின் நன்மை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதன் தீமை மேசையோடு பொருத்திய கட்டங்களில் இருந்தது. வரப்போகும் காலம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அன்று நான் உணரவில்லை.

கைத்தொலைபேசிக்குள் வந்த ஆட்டம்

எங்கள் மண்டபத்துப் பிங்கோவை எவரும் தடைசெய்யவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எங்கள் திருத்தலத்தில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அதன்பின் நெடுநாள் சனங்கள் ஓரிடத்தில் கூடவே அஞ்சினார்கள். அச்சம் தணியும் முன்னரே 2020இல் கொரோனா வந்தது. அந்த நாட்களில் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொட்டாஞ்சேனையிலும் சிதறிக் கிடந்த குடும்பங்கள் ‘சூம்’ வழியாக ஹவுசி ஆடின. என் பேத்தி இலக்கம் கூப்பிட்டாள். பரிசு, தோற்றவர்கள் பாட்டுப் பாட வேண்டும் என்பதே. அதுவும் இணையவழிப் பிங்கோதான். ஆகவே இணையம் என்றாலே பாவம் என்று நான் வாதிட வரவில்லை.

அந்தப் பையன் ஆடியது வேறு. அவனைச் சந்தித்து, ஒரு செய்தியாளனின் பழக்கத்தில் குறிப்பேட்டை விரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டான். பிறகு தானே விளக்கினான்.

முதன்முதலில் சேர்ந்ததும் ‘வரவேற்புப் பணம்’ கொடுத்தார்கள். ஆனால் அதனோடு சேர்ந்து வென்ற பணத்தை மீளப்பெற வேண்டுமானால், குறித்த மடங்கு தொகையை முதலில் பந்தயமாக வைத்து முடிக்க வேண்டும். இது சிற்றெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. இலக்கங்களை எடுப்பது துணிப்பையல்ல, கணினி நிரல். சீட்டில் அடிப்பதும் அவனல்ல, அதுவும் தானாகவே அடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடியும். முடிந்ததும் அடுத்தது தொடங்கும். இடைவெளியில் கண்முன்னே சுழலும் பழங்கள், மணிகள். ஒரு தட்டலுக்கு ஒரு சுழற்சி. “பிங்கோவில் போனது கொஞ்சம்தான் ஐயா. பிங்கோவுக்குக் காத்திருந்த நேரத்தில் போனதுதான் கூட” என்றான். இந்த வாக்கியத்தை வாசகர்கள் இன்னொரு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிங்கோ அங்கே வாசற்படி மட்டுமே. தாய்மாரை ஐயுறாமல் இருக்கச் செய்யும் பழகிய பெயர் அது.

இனிக் கணக்கு. மண்டபத்தில் நூறு ரூபாச் சீட்டில் அறுபது ரூபா பரிசுக்குப் போகும். நாற்பது ரூபா கூரைக்குப் போகும். அதாவது கோயில் எடுப்பது நூற்றுக்கு நாற்பது. இணையத்தில் நடத்துபவன் நூற்றுக்கு ஐந்துதான் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் கோயில்தான் பேராசைக்காரன்! ஆனால் மண்டபத்தில் ஒரு மாலைக்கு ஐந்து ஆட்டம். ஐந்நூறு ரூபாவில் சராசரி இழப்பு இருநூறு. கைத்தொலைபேசியில் ஓர் இரவில் நானூறு தட்டல் தட்டுவது கடினமல்ல. தட்டலுக்கு நூறு ரூபா என்றால் நாற்பதாயிரம் ரூபா கைமாறுகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து என்பது இரண்டாயிரம். குறைந்த பங்கு எடுப்பவன் பத்து மடங்கு எடுத்துச் செல்கிறான். அதுவும் மறுநாள் இரவும், அதற்கு மறுநாள் இரவும்.

ஆகவே நடத்துபவன் எடுக்கும் பங்கை மட்டும் வைத்து ஆட்டத்தின் தீமையை அளக்க முடியாது. வேகத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். மண்டபத்தில் நான்கு தடைகள் இயல்பாகவே இருந்தன. ஒன்று, நேரம்: சங்கித்தன் கதவைப் பூட்டுவார். இரண்டு, காசு: கையிலுள்ள தாள் தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். மூன்று, கண்கள்: ஆறாவது சீட்டை வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரி “பிள்ளைக்குப் பால்மா வாங்கினாயா?” என்று கேட்பாள். நான்கு, முகம்: பணம் யாரிடம் போகிறது, எங்கே போகிறது என்பது தெரியும். கூரை மாற்றப்படாவிட்டால் பங்குத்தந்தையின் சட்டையைப் பிடிக்கலாம். இந்த நான்கையும் யாரும் சட்டமாக இயற்றவில்லை. அவை சுவர்களைப் போல அங்கே இருந்தன. கைத்தொலைபேசியில் நான்கும் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது?

இலங்கையின் சூதாட்டச் சட்டங்கள் நெடுங்காலம் பழையனவாகவே இருந்தன. சூதாட்டக் கட்டளைச் சட்டம் 1889ஆம் ஆண்டுக்குரியது. கசினோக்களுக்கென 2010இல் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இவற்றுக்குப் பதிலாகச் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டத்தையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. இது வரவேற்கத்தக்கதே. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கொழும்பில் மாபெரும் புதிய கசினோ ஒன்றும் திறக்கப்பட்டது. செய்திகளும் விவாதங்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடந்தன. எவ்வளவு முதலீடு வரும், எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவர், திறைசேரிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பவையே கேள்விகள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் திரையைப் பற்றி எவரும் பேசக் காணேன்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறு வழி எடுத்தார்கள். தமிழ்நாடு 2003இல் லொத்தரைத் தடைசெய்தது. 2022இல் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இந்தியப் பாராளுமன்றம் 2025 ஓகஸ்ட்டில் இணையவழிப் பண விளையாட்டுக்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. தடையின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும் தடை மட்டும் போதுமென்று நம்ப முடியவில்லை. வேறொரு நாட்டில் இருக்கும் கணினிக்கு நம் பொலிசார் எப்படிச் சீல் வைப்பார்கள்?

பிரித்தானியா காட்டிய வேறுபாடு எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், பிங்கோ மீதான பத்து வீதத் தீர்வையை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாகவும், இணையவழிச் சூதாட்டத் தீர்வையை 21 வீதத்திலிருந்து 40 வீதமாக உயர்த்துவதாகவும் அந்நாட்டு நிதியமைச்சர் அறிவித்தார். மண்டபத்துக் கிழவியும் திரைக்குமுன் தனித்திருக்கும் இளைஞனும் ஒன்றல்லர் என்பதை ஓர் அரசாங்கம் வரிக்கணக்கில் ஒப்புக்கொண்டது. நம் அதிகாரசபையும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுவே.

எனது கோரிக்கைகள் பெரியவையல்ல. மண்டபத்தின் நான்கு சுவர்களைத் திரையிலும் எழுப்புங்கள் என்பதே. அனுமதிப்பத்திரம் பெறும் ஒவ்வொரு தளமும் ஒருவர் ஒரு நாளில் இழக்கக்கூடிய தொகைக்கும் ஆடக்கூடிய நேரத்துக்கும் எல்லை வைக்க வேண்டும். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் வேறு ஆட்டத்தைக் காட்டக்கூடாது. நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ‘என்னை இனி உள்ளே விடாதே’ என்று ஒருவர் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் எல்லாத் தளங்களும் அவருக்குக் கதவடைக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கக்கூடியதாக வெளியிட வேண்டும். முறைப்பாடு செய்ய ஒரு தொலைபேசி இலக்கம், அதை எடுத்துத் தமிழில் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அனுமதி பெறாத தளங்களுக்குப் போகும் பணத்தை வங்கிகளில் மறிக்க வேண்டும். வெளிநாட்டுக் கணினிக்குச் சீல் வைக்க முடியாது. உள்நாட்டுப் பணம் போகும் வாய்க்காலை அடைக்க முயலலாம்.

பத்திரிகைக்காரனின் பங்கு

அரசாங்கத்தை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நழுவுவது நேர்மையாகாது. 1981இல் இலண்டனில் ‘டெய்லி ஸ்டார்’, ‘சன்’ ஆகிய பத்திரிகைகள் விற்பனையைப் பெருக்கப் பிங்கோச் சீட்டுக்களை வீடுவீடாக அனுப்பின. 1984இல் ‘தி டைம்ஸ்’ போன்ற பெருந்தலையே பங்குச்சந்தை வேடமிட்ட அத்தகைய விளையாட்டொன்றைத் தொடங்கியது. எங்கள் ஆசிரியபீடத்தில் அதைப் படித்துச் சிரித்தோம். ஆனால் நாங்கள் செய்தது என்ன? லொத்தர் முடிவு வராத நாளில் ஆசிரியத் தலையங்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடிவு எங்கே என்று வாசகர் கேட்பர். ஆகவே முடிவுக்கு எப்போதும் இடம் ஒதுக்கினோம். இராசிபலனில் அதிர்ஷ்ட இலக்கம் போட்டோம். கோடி ரூபா வென்றவர் காசோலையுடன் சிரிக்கும் படத்தை முதற்பக்கத்தில் போட்டோம். அத்தகைய பக்கத்தை நானே எத்தனையோ இரவு வடிவமைத்திருக்கிறேன். தோற்றவர் படத்தை ஒருநாளும் போட்டதில்லை. தோற்றவர் செய்தியல்ல என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. என் தொழில் வாழ்வில் நான் வெளியிட்ட மிக நீண்ட பொய் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வரியும் பொய்யல்ல. ஆனால் பக்கம் முழுவதும் பொய்.

முகவரி இல்லாத கடிதம்

அந்தப் பெண்மணிக்காக ஒரு கடிதம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுதவும் செய்தேன். திகதி, விபரம், தொகை எல்லாம் ஒழுங்காக எழுதி முடித்தபின் உறையை எடுத்தேன். யாருக்கு அனுப்புவது? அந்தத் தளத்தில் பெயர் இருந்தது. நாடு இல்லை, வீதி இல்லை, ஆளில்லை. பணம் போன கணக்குகள் மாதத்துக்கு ஒன்றாக, வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருந்தன. வாழ்நாளெல்லாம் பிறருக்காக மனு எழுதியவன், முதன்முறையாக முகவரி எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இறுதியில் பொலிசுக்கு ஒரு பிரதியும் புதிய அதிகாரசபையின் பெயருக்கு ஒரு பிரதியுமாக அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இவ்விடத்தில் எழுதுவேன். வராவிட்டாலும் எழுதுவேன்.

இதற்கிடையில் பங்கு மண்டபத்தின் கூரை மீண்டும் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் பிங்கோ வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். இலக்கம் கூப்பிட வர முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். சம்மதித்தேன், மூன்று நிபந்தனைகளுடன். சேரும் பணத்தில் எவ்வளவு பரிசுக்கு, எவ்வளவு கூரைக்கு என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். ஒருவருக்கு மூன்று சீட்டுக்கு மேல் விற்கக்கூடாது. இலக்கம் எடுக்கச் சிறுபிள்ளையை மேடையில் ஏற்றக்கூடாது.

அந்தப் பையனை வரச் சொல்லலாமா என்று நினைத்து, முதலில் அவனிடமே கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

“வேண்டாம் ஐயா. இலக்கம் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும்” என்றான்.

பதின்மூன்றை உயர்த்திப் பிடித்து, மண்டபம் முழுவதையும் கூவ வைத்த கை அது. நானும் வற்புறுத்தவில்லை. அன்று மாலை அவன் தாயார் மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கட்லட் விற்பதற்கு. நகைகளில் ஒன்றையாவது மீட்க வேண்டுமாம்.